பூட்ஸ் வந்த பெட்டி

தைப்பிங்
12.6.1935

அன்புள்ள தம்பி அரசுக்கு,

உன்னைக் காலேஜ் புட்பால் டீமுக்குக் கேப்டனாகப் போட்டுவிட்டார்கள் என்று உன் அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. போகட்டும், சந்தோஷம்தான். பினாங்குத் தெருவில் மாட்டு வண்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே நீ கந்தல் பந்தை உதைத்த நாளில் கோலுக்கு நின்றவள் நான். உங்கள் விளையாட்டு மாஸ்டரிடம் அதையும் சொல்லிவை. பாவாடை கட்டிய கோல்கீப்பர் பினாங்கிலேயே நான் ஒருத்திதான்.

உங்கள் டீமுக்காக அத்தான் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பூட்ஸ் ரயிலில் வந்து இறங்கியது. நல்ல கனமான மரப்பெட்டி. தோல் கட்டை மாதிரி இருக்கிறது, விளக்கெண்ணெய் போட்டு ஊற வை என்று என்னிடம் தள்ளிவிட்டார். மத்தியானமெல்லாம் உட்கார்ந்து தேய்த்தேன். குனிந்தால் வயிறு இடிக்கிறது. உன் ஜோடி எது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் தாராளமாகவே போட்டிருக்கிறேன்.

இனி என் காரியம். எனக்கு ஏழாம் மாசம் நடக்கிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது ஊர் அறிந்த முறை. நீ வெற்றிலை பாக்கு, பழம், வளையலோடு வந்து, சபையில் நின்று, என் மாமியாரிடம் 'அக்காவை அழைத்துப் போக வந்திருக்கிறேன்' என்று கேட்க வேண்டும். அப்பா இல்லை. அம்மா தாலி இழந்தவள், இந்தக் காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. சித்தப்பா ரங்கூனில் இருக்கிறாரோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. நம் வீட்டில் மீசை முளைத்தவன் நீ ஒருவன்தான். நான் அத்தானிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். "உன் வீட்டு ஆம்பிளை வந்து முறையாக் கூப்பிட்டா நாளைக்கே அனுப்புறேன்லா. கூப்பிடாம அனுப்புறதுக்கு நீ என்ன அனாதையா?" என்றார்.

இந்த வீட்டில் பின்கட்டு அறை ஒன்று இருக்கிறது. அத்தானுடைய முதல் சம்சாரம் ஜெயலெட்சுமி அதில்தான் பிரசவ வலி எடுத்துப் படுத்தாள், அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவளையும் கூப்பிட்டுப் போக அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லையாம். நேற்று மாமியார் அந்த அறையைக் கழுவிவிடச் சொன்னார். கழுவினது நான். எனக்குப் பயமாக இருக்கிறது அரசு. மறைக்காமல் சொல்கிறேன்.

ஆடி பிறந்தால் அழைக்கக் கூடாது. ஆனி இருபத்தேழு, வியாழக்கிழமை நல்ல நாள் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வந்துவிடு.

உன் அக்கா,
நவமணி


ஜார்ஜ் டவுன், பினாங்கு
23.6.1935

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுத நேரமில்லை. கேப்டன் என்றால் சும்மா இல்லை அக்கா. காலையில் ஓட்டம், சாயங்காலம் பாடாங் மைதானத்தில் பந்து, நடுவில் வாத்தியார்கள் வேறு பாடம் நடத்துகிறார்கள்.

நேற்று முதல் ஆட்டம். எதிராளிகள் வெறுங்காலோடு வந்தார்கள். நாங்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்கினோம். நடந்த சத்தத்திலேயே பாதிப் பேர் முகம் செத்துப்போயிற்று. மூன்றுக்குச் சைபர். இரண்டு கோல் நான். எங்கள் கோல்கீப்பர் ஹபீப் முகம்மது, பிட் தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறாரே அவர் மகன், ஆட்டம் முழுக்கக் கம்பத்தில் சாய்ந்து நின்றான். "எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்" என்றான். மாஸ்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டு வெள்ளைக்காரத் துரைகள் முன்னால் நடந்தார். நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான். அத்தானிடம் சொல்லு, பூட்ஸ் பட்டு மாதிரி இருக்கிறது.

நீ சொன்ன வியாழக்கிழமை வருகிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வளையல் வாங்க இப்போதே கிளம்பிவிட்டாள். ஜெயலெட்சுமி கதையையெல்லாம் நினைத்துக்கொண்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
திருநாவுக்கரசு, கேப்டன்


தைப்பிங்
18.7.1935

கேப்டன் திருநாவுக்கரசு அவர்களுக்கு,

நேற்று ஆடி பிறந்தது.

நீ வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை விடிகாலையில் தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். காலை ரயில் வந்தது. மத்தியான ரயிலும் வந்தது. அடுத்த வீட்டுக்காரிகள் நான்கு பேர் வந்து பாயில் உட்கார்ந்து வெற்றிலையை மென்று தீர்த்துவிட்டுப் போனார்கள். "பினாங்குக்காரங்க, மெதுவாத்தான் வருவாங்க" என்று மாமியார் அவர்களிடம் சொன்னார். சாயங்காலம் வந்தது உன் தந்தி. சனிக்கிழமை ஆட்டம், மாஸ்டர் லீவு தரவில்லை என்று.

உனக்குப் பதிலாக ஒரு நாள் இன்னொருவன் பந்தை உதைத்தால் பினாங்கு கடலில் முழுகிவிடுமா? எனக்குப் பதிலாக இந்தப் பிள்ளையை யார் பெறுவது?

இனி ஆவணி வரை ஒன்றும் செய்வதற்கில்லை. ஜெயித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அத்தான் ஏற்கனவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவமணி


ஜார்ஜ் டவுன்
28.7.1935

அக்கா,

கோபம் வேண்டாம். கேப்டன் பயிற்சிக்கு வராவிட்டால் மற்றவன் எப்படி வருவான் என்று மாஸ்டர் கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அக்காவுக்கு வளையல் போட வேண்டும் என்றால் சிரிப்பார்கள்.

நேற்று அரையிறுதி. அத்தான் அதைப் பார்க்கவே பெர்ரி ஏறி வந்துவிட்டார். கோட்டும் தொப்பியுமாகக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்தியதில் அவருக்குக் குரலே போய்விட்டது. ஜெயித்த பிறகு டீம் முழுவதையும் பிட் தெருவுக்கு அழைத்துப் போய் ஹபீப் வாப்பா கடையில் வயிறு முட்ட வாங்கிக் கொடுத்தார். "ராமசாமி அண்ணே மாதிரி ஒரு அத்தான் எனக்கு இருந்தா நான் புயல் மாதிரி ஆடுவேன்" என்று ஹபீப் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நல்ல செய்தி ஒன்று. ஆகஸ்ட் இருபத்து நான்கு சனிக்கிழமை எங்கள் டீம் தைப்பிங்குக்கே வருகிறது. அங்கே உள்ள ஸ்கூலோடு சிநேக ஆட்டம். மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்று அத்தான் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். ஆடி முடிந்து ஆவணி. உனக்கு ஒன்பதாம் மாசம், அழைக்கிறதற்கு அதுவும் முறைதானே. வளையலைக் கையோடு கொண்டுவந்து உன்னை அழைத்து வந்துவிடுகிறேன். ஒரே பயணத்தில் இரண்டு காரியம் முடிந்துவிடும்.

அரசு


தைப்பிங்
6.8.1935

தம்பி அரசுக்கு,

சரி. சமைக்கிறேன். ஹபீப் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஆட்டை நம் விறகு லாரி டிரைவர் இப்ராஹிமை வைத்து முறையாக அறுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை வயிற்றைக் காயப்போட்டுவிட்டு உன் பூட்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். நீ வந்ததும் சாப்பிட உட்காராதே. முதலில் தட்டை மாமியார் கையில் கொடு. 'அக்காவை அழைத்துப் போக வந்திருக்கிறேன்' என்று கேள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அத்தானும் துரைத்தனம் காட்ட வேண்டியவர், சரி என்பார். இலையில் கை வைத்த பிறகு கேட்டால் பேச்சு பந்துக்குப் போய்விடும். எனக்கு இவர்களைத் தெரியும்.

பூட்ஸ் வந்த மரப்பெட்டி பின்கட்டில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து என் சாமான்களை அடுக்கிவிட்டேன். பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளைத் துணி தைத்திருக்கிறேன், அதுவும் உள்ளே இருக்கிறது. எண்ணெய் வாடை போகவே மாட்டேன் என்கிறது. பிள்ளை பிறந்ததும் புட்பால் வாடையோடுதான் வளரப் போகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கால் வீங்கிவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஜெயலெட்சுமிக்கும் அவள்தான் பார்த்தாளாம்.

அக்கா


தைப்பிங்
25.8.1935

அரசு,

நன்றாகச் சாப்பிட்டாயா? கறியில் உப்பு சரியாக இருந்ததா?

விடியுமுன் எழுந்தவள் நான். அரிசி களைந்து, ஆட்டுக்கறி வேகவைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்தேன். உங்கள் லாரி வந்த சத்தம் கேட்டதும் கையைக் கழுவிவிட்டுப் பச்சைப் புடவை மாற்றினேன். பெட்டியை இப்ராஹிமிடம் சொல்லி லாரியின் பின்பக்கம் ஏற்றியும் வைத்துவிட்டேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ கேட்கப் போகும் அந்த வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

இலை போட்டார்கள். நீ உட்கார்ந்தாய். தட்டு எங்கே, வளையல் எங்கே என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு தடவை அடுக்களைப் பக்கம் வந்தாய். என் வயிற்றைப் பார்த்தாய், உடனே வேறெங்கோ பார்த்தாய். "அக்கா, ஹபீப்புக்கு இன்னும் கொஞ்சம் கறி" என்றாய். எட்டு மாசமாகப் பார்க்காத அக்காவிடம் நீ பேசியது அவ்வளவுதான்.

கறி போட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்வான்? "அக்கா கை மணம்" என்று அவனாவது சொல்லி அனுப்பினான்.

ஆட்டம் முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள் என்று இப்ராஹிம் வந்து சொன்னான். பெட்டியை அவனே இறக்கி வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் இறக்கினான். நீங்கள் பாடிக்கொண்டு போன பாட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து அத்தான் சிரித்தார். "போன மாசமே பினாங்குல பேசி முடிச்சாச்சு. பைனல் முடிஞ்சுதான் அக்காவக் கூப்பிடுவேன், அதுவரைக்கும் நீங்களே வச்சுக்குங்க அத்தான்னு அவனேதான் சொன்னான். உனக்குச் சொல்லலையா?" என்றார்.

எனக்கு நீ சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடிதம் எழுதினாயே, கையோடு அழைத்து வருகிறேன் என்று. அதற்கு முந்தின நாள்தான் இதைப் பேசியிருக்கிறாய். நாசி கண்டார் சாப்பிட்ட கையைக் கழுவினாயா, கழுவாமலே எழுதினாயா?

நவமணி


ஜார்ஜ் டவுன்
29.8.1935

அக்கா,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்க எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

பன்னிரண்டு பையன்கள், மாஸ்டர் வேறு. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுப் பாடுவார்கள். நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ உட்காருவாயா? வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு டீமோடு நான் இறங்கினால் காலேஜ் முழுக்க என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் தெரியுமா? நீ அடுக்களைக்குள் இருக்கிறாய், உனக்கு வெளியுலகம் தெரியாது.

அத்தானிடம் அப்படிச் சொன்னேன்தான். மறுக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவரே ஆரம்பித்தார். "பைனல் முடியட்டும்லா, நீ நிம்மதியா ஆடு, அவ இங்க இருந்தா எனக்கும் சாப்பாடு கஷ்டமில்லை" என்றார். அவர் கொடுத்த பூட்ஸ் என் காலில் இருக்கிறது, அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவா? உனக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். கேப்டனாக என்னைப் போடுவதா, லிம் என்ற சீனப் பையனைப் போடுவதா என்று மாஸ்டர் ஒரு மாசம் யோசித்தார். பூட்ஸ் வருகிறது என்று நான் சொன்ன வாரத்தில்தான் என் பெயர் போர்டில் ஏறியது. அத்தான் இல்லையென்றால் நான் யார்? அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் உனக்கு என்ன குறைந்துபோய்விட்டது?

சும்மா சும்மா ஜெயலெட்சுமியை இழுக்காதே. அவள் எஸ்டேட்டில் பிறந்து சோகை பிடித்தவள் என்று அத்தானே சொன்னார். நீ கல் மாதிரி இருக்கிறாய். தைப்பிங்கில் பாதி ஜனங்கள் அந்த மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள்தான். உலகத்தில் நீ ஒருத்திதான் பிள்ளை பெறப் போகிறாயா?

பைனல் செப்டம்பர் ஏழு. அதற்குப் பிறகு வருகிறேன். அதுவரை எனக்கு இந்த மாதிரி எழுதி என் ஆட்டத்தைக் கெடுக்காதே.

திருநாவுக்கரசு


தைப்பிங்
5.9.1935

அரசு,

நேற்று ராத்திரி உனக்கு யார் சோறு போட்டார்கள்?

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு அம்மா இங்கே வந்தாள். தனியாகப் பெர்ரி ஏறி, அக்கரையில் பிறை ஸ்டேஷனில் யார் யாரையோ கேட்டு ரயில் ஏறி, தட்டில் வெற்றிலையும் பழமும் வளையலும் எடுத்துக்கொண்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், இறங்க வேண்டிய ஊர் எது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "தாலி அறுத்தவ வந்து பிள்ளைத்தாச்சியக் கூப்பிடுறதா? படி ஏறாதே. உன் வீட்டுல ஆம்பிளை இருக்கான்ல, அவன் வரட்டும்." தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா, "என் மக முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்றாள். நான் ஓடி வந்தேன். என்னைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டு வெயிலிலேயே ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தாள். அத்தான் உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

தட்டை மாமியார் எடுத்துக் குப்பையில் போட்டார். விதவை கொண்டுவந்த வளையல் வீட்டுக்கு ஆகாதாம்.

அவள் வீட்டுக்கு வந்து உனக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். நீ கேட்டிருக்கவும் மாட்டாய்.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. வயிறு கீழே இறங்கிவிட்டது. ஏழாம் தேதி உன் பைனல். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலுக்கு வா. வளையல் வேண்டாம், பழம் வேண்டாம். நீ மட்டும் வந்து அந்த ஒரு வரியைக் கேட்டால் போதும். ஜெயித்தாலும் தோற்றாலும் வா. இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

நவமணி


ஜார்ஜ் டவுன்
8.9.1935

அன்புள்ள அக்கா,

அம்மா விஷயம் எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. கேட்டதற்கு இப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நேற்று பைனல் நடந்தது. ஹாஃப் டைமுக்குள் நாங்கள் ஒன்று போட்டோம். பிறகு மழை கொட்டி, பாடாங்கே குளமாகிவிட்டது. பந்து ஓடவில்லை. கடைசியில் அவர்களும் ஒன்று போட்டுவிட்டார்கள். ஹபீப் சேற்றில் விழுந்து எழுந்தபோது கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று. மறுபடியும் வரும் சனிக்கிழமை, பதினான்காம் தேதி ஆட வேண்டும். இது என் கையிலா இருக்கிறது? மழைக்கு நான் என்ன செய்வேன்?

இன்றைக்கே வந்திருப்பேன். ஆனால் இந்த வாரம் முழுக்கப் பயிற்சி, மாஸ்டர் யாரையும் தீவை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம்தான் அக்கா. உனக்கு மாசக் கடைசியில்தானே நாள். அத்தானும் ஆட்டம் பார்க்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடேயே வந்து, சபையில் நின்று முறையாகக் கேட்டு, உன்னைக் கூட்டி வருவேன். புது வளையலும் வாங்கிவிட்டேன். தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை.

உன் தம்பி,
அரசு


ஜார்ஜ் டவுன்
18.9.1935

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? உள்ளே வந்த நர்ஸ் என் கையில் இருந்த வளையல் டப்பாவைப் பார்த்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்திருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? இப்ராஹிம் அடித்த தந்தி என் கைக்கு வந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் காலேஜ் பியூன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். உடனே அத்தானிடம் காட்டினேன். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பதில் தந்தி கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட நாங்கள் தாமதிக்கவில்லை. விதி அக்கா. வேறென்ன சொல்வது?

ஜெயித்தோம். அதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. கோப்பையைத் தொடக்கூட மனசு வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். நீயாவது ஒரு வரி எழுது. உனக்கு உடம்பு தேறியதும் நான் வந்து உன்னை அழைத்துப் போகிறேன். இங்கே வந்து அம்மாவோடு இரு. இந்தத் தடவை ஒருவரையும் கேட்க மாட்டேன்.

உன் தம்பி,
அரசு


தைப்பிங்
1.10.1935

தம்பி திருநாவுக்கரசுக்கு,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி மத்தியானம் வரை பார்த்துவிட்டு, என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். ஆஸ்பத்திரி இங்கிருந்து லாரியில் போனால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம். மாமியார் அனுப்பவில்லை. "வெள்ளைக்காரன் தொட்டுப் பார்க்கிற இடம். ஆம்பிளை சொல்லாம நான் அனுப்ப மாட்டேன். நாளைக்கு என் மகன் என்னைக் கேட்டா?" என்றார். உன் அத்தான் காலை ரயிலுக்கே கோப்பை பார்க்கப் போய்விட்டார். இப்ராஹிம் தபாலாபீசுக்கு ஓடினான். அவன் அடித்த தந்தியில் வரச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தரவு தர வேண்டும் என்றுதான் கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பாடாங்கிலிருந்து தந்தி ஆபீசு கூப்பிடு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. ஆண் பிள்ளை. டாக்டர் எடுத்துக் காட்டினார். நல்ல நிறம், நம் அப்பா மூக்கு. அழவில்லை. மத்தியானம் கொண்டுவந்திருந்தால் அழுதிருப்பான் என்று டாக்டர் சொன்னதை நர்ஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். பாவம், அவளுக்குத் தெரியவில்லை.

தந்தி ஆட்டம் முடிந்த பிறகு வந்தது என்று எழுதியிருக்கிறாய். முந்தாநாள் அத்தானுடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். நான் அந்தப் பின்கட்டு அறையில் படுத்திருந்தேன், பேச்செல்லாம் கேட்டது. அவர் உன்னைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹாஃப் டைம்ல தந்தி வந்துச்சு. ரெண்டு பேரும் படிச்சோம். அவன், 'அத்தான், இன்னும் பாதி ஆட்டம்தான் இருக்கு, இப்ப எதுவும் வேணாம்'னான். தந்தியைச் சுருட்டிக் காலுறைக்குள்ள சொருகினான். போய் ரெண்டு கோல் போட்டான். அவன்தான்லா ஆம்பிளை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உன்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை அரசு. புகழ்ந்துதான் பேசினார்கள்.

பிள்ளையை அடக்கம் பண்ண அன்று ராத்திரி இங்கே ஆம்பிளை யாரும் இல்லை. உங்கள் இருவருக்கும் காலேஜில் விருந்து. இப்ராஹிம்தான் செய்தான். இந்த நேரத்தில் பெட்டிக்கு எங்கே போவது என்று கேட்டான். லாரியில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த, நான் கட்டி வைத்த பெட்டியைக் காட்டினேன். என் புடவைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பிள்ளைத் துணியை மட்டும் அடியில் விரித்தான். சிங்கப்பூர் முத்திரை குத்திய பலகை. எண்ணெய் வாடை அப்போதும் போகவில்லை. மழையிலேயே எடுத்துப்போனான். அவன் வேறு மார்க்கம், ஆனாலும் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே போனான்.

நீ வந்து அழைத்துப் போகிறேன் என்கிறாய். வேண்டாம். தலைப்பிரசவம் முடிந்துவிட்டது. இனி எதற்கு அழைக்கிறாய்? காரணம் இல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனவளை வாழாவெட்டி என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சும் வேண்டாம். வாசலில் அவள் பட்டது போதும்.

நீ இங்கேயே வரப்போகிறாய் என்று அத்தான் சொல்கிறார். அடுத்த வருஷம் தைப்பிங்கில் சொந்த டீம் வைக்கிறாராம். நீதான் கேப்டன். விறகு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை, சாப்பாடும் படுக்கையும் இந்த வீட்டிலேயே. வா. நான் தடை சொல்லவில்லை. உனக்குப் பின்கட்டு அறையைத்தான் ஒழித்து வைக்கிறேன், ஜன்னல் பக்கம் கட்டில். கறி நீ கேட்ட அளவு போடுகிறேன். தினமும் உன் எதிரில் நின்று போடுகிறேன்.

சிங்கப்பூருக்குப் புது பூட்ஸ் சொல்லிவிட்டார். பெட்டி வந்ததும் எண்ணெய் போட நான் இருக்கிறேன். இந்த வருஷத்தில் உன் கால் அளவு மாறியிருந்தால் எழுதச் சொன்னார்.

நவமணி